சிங்கிளை ஆல்பத்தின் வாலில் கட்டாதீர்கள்

பழைய ஆல்பங்களை மறுபதிப்புச் செய்யும் இசை நிறுவனங்களுக்கும், அவற்றை எங்கள் கைபேசிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஸ்ட்ரீமிங் செயலிகளை நடத்துவோருக்கும்,

வணக்கம். ஓரிரு பாட்டுகளோடு தனியாக வெளியாகும் தட்டுதான் சிங்கிள். ஆனால் சிங்கிள் என்றால் ஆல்பத்திலிருந்து விளம்பரத்துக்காகக் கிள்ளி எடுத்த பாட்டு என்ற எண்ணம் உங்கள் பட்டியல்களில் ஊறிப்போயிருக்கிறது. பாப் இசையிலும், அதைவிடக் கூடுதலாக நடன இசையிலும், பல சிங்கிள்கள் தனிப் படைப்பாகவே பிறந்தவை. அவற்றைத் தனியாகவே இருக்க விடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் நியூ ஆர்டர் இசைக்குழுவின் ‘புளூ மண்டே’, 1983 மார்ச்சில் ஃபேக்டரி இசை நிறுவனத்தின் 12 அங்குல இசைத்தட்டாக வந்தது. ஏறக்குறைய ஏழரை நிமிடம் ஓடும். அதே ஆண்டு மே மாதம் வெளியான ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ ஆல்பத்தின் பிரிட்டன் பதிப்பில் எட்டுப் பாட்டுகள் உண்டு; அவற்றில் இது இல்லை. அதனால் இரண்டுக்கும் உறவில்லை என்றாகிவிடாது. ஆல்பத்தில் உள்ள ‘5 8 6’ பாட்டைக் கேட்டால் கூடப்பிறந்த சாயல் தெரியும். உறைகளைப் பார்த்தால் இன்னும் தெளிவு. பீட்டர் சாவில் வடிவமைத்த சிங்கிளின் உறை, துளைகளுடன், அந்தக் காலக் கணினியில் தகவல் சேமித்த ஃபிளாப்பி வட்டு போல இருக்கும். குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் எழுத்தில் இல்லாமல் ஓரத்தில் வண்ணக் கட்டங்களாக ஓடும். எந்த வண்ணம் எந்த எழுத்து என்று சொல்லும் சக்கரமோ ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்தது. பூட்டு ஒரு தட்டில், சாவி இன்னொன்றில். இவ்வளவு நுட்பமாகப் பிரித்தும் பிணைத்தும் வைத்ததை நீங்கள் ஒரே பட்டியலில் கொட்டிவிடுகிறீர்கள்.

என் கைபேசியில் உள்ள விரிவாக்கப் பதிப்பில், கடைசிப் பாட்டான ‘லீவ் மீ அலோன்’ முடிந்து கிட்டாரின் ஒலி காதில் அடங்குவதற்குள் கூடுதல் பாட்டு தொடங்கிவிடுகிறது. அந்த ஆல்பம் எங்கே முடிகிறது என்பதே புதிதாகக் கேட்பவருக்குத் தெரியாது. வட அமெரிக்கக் கேசட்டில் அன்றே ‘புளூ மண்டே’யைச் சேர்த்தார்கள் என்பது உண்மைதான். அப்படியானால் அதை வட அமெரிக்கப் பதிப்பு என்று குறிப்பிட்டு வையுங்கள்.

12 அங்குலத் தட்டு வெறும் அளவு வேறுபாடு அல்ல. வழக்கமான 7 அங்குலத் தட்டைவிடப் பரப்பு கூடுவதால் ஊசி ஓடும் பள்ளங்களை அகலமாக இட முடிந்தது. தாழ்ந்த ஒலிகளை உரக்கவும் தெளிவாகவும் பதிய முடிந்தது. 1976-இல் அமெரிக்காவின் சால்சோல் இசை நிறுவனம், டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’ பாட்டை, டிஜே வால்டர் கிப்பன்ஸ் மாற்றியமைத்த ரீமிக்ஸில், அந்த வடிவில் கடைகளுக்கு அனுப்பியது, நடன அரங்கின் தேவையை அறிந்துதான். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: 1975-இல் பாடகி டோனா சம்மரின் ‘லவ் டு லவ் யூ பேபி’ ஆல்பத்தின் ஒரு முகம் முழுவதையும், ஏறத்தாழ 17 நிமிடம், பிடித்துக்கொண்டது, சிங்கிளுக்குத்தான் அதை வெட்டிச் சுருக்கினார்கள். ஆகவே எது மூலம், எது சுருக்கம் என்பதைப் பாட்டுக்குப் பாட்டு பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பட்டியல்கள் அதைச் சொல்வதில்லை. நியூ ஆர்டரின் ‘டெம்ப்டேஷன்’ 1982-இல் சிங்கிளாக வந்தது. 1987-இல் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்புக்காக அதையே புதிதாகப் பதிவு செய்தார்கள். பெயரை மட்டும் பார்த்துத் தேடுகிறவர் எதைக் கேட்கிறோம் என்று அறியாமலே கேட்டுவிட்டுப் போவார். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆல்பத்தை முதலில் வெளிவந்த வரிசையிலேயே முடித்துவிடுங்கள். சிங்கிளை அதன் சொந்த உறையோடும், மறுபக்கப் பாட்டோடும், வெளியான நாளோடும் தனிப் பதிவாகத் தாருங்கள். 7 அங்குலமா, 12 அங்குலமா, ஆல்பத்துக்கான பதிவா, பின்னால் செய்த மறுபதிவா என்பதைப் பாட்டின் பெயரருகே எழுதுங்கள். விவரமெல்லாம் பழைய தட்டுகளின் லேபிளிலேயே அச்சாகி இருக்கிறது. பார்த்து எழுத ஓர் ஆள் போதும்.

அன்புடன்,
தட்டுக் காலத்திலிருந்து கேட்டுவரும் ஒருவன்