பலகையில் பெயர் இருக்கிறது, ஏட்டில் கடமை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் முன்னாள் மாணவர்கள் நினைவு நிதி தருவது பற்றிய கட்டுரை, பணம் திரட்டும் வழிகளோடு நின்றுவிட்டது. வம்பு ஆரம்பிப்பதே பணம் வந்த பிறகுதான். மறைந்த ஆசிரியர் பெயரில் ஒரு பரிசு, இறந்துபோன வகுப்புத் தோழன் பெயரில் ஓர் உதவித்தொகை, ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் ஒரு பூசை. மூன்றுக்கும் சேர்த்து "நினைவு நிதி" என்று ஒரே ரசீது போட்டுவிடுகிறார்கள். பத்து வருடத்தில் தாளாளர் மாறுகிறார். முன்னவர் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று புதியவருக்குத் தெரிய வழியில்லை. சுவரில் பித்தளைப் பலகை மட்டும் மின்னிக்கொண்டிருக்கும்.

இதற்கான மருந்து 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. புரட்டிப் பார்ப்பவர்தான் குறைவு. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது 1267-ஆம் எண். பள்ளியை நடத்தும் பங்குக் கோவிலோ துறவற சபையோ நீண்டகாலக் கடமையோடு வரும் அறக்கொடையை ஏற்க, உரிய திருச்சபை மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும் (1304). வாய்ப்பேச்சில் ஏற்படுத்திய அறக்கொடையாக இருந்தாலும் அதை எழுத்தில் பதிந்து, ஒரு படியை ஆயரகக் காப்பகத்திலும் இன்னொன்றைத் தங்கள் காப்பகத்திலும் வைக்க வேண்டும் (1306). அடுத்த எண்தான் முக்கியம். அறக்கொடைகளால் வரும் கடமைகள் மறந்துபோகாதிருக்க, அவற்றின் பட்டியலை எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கிறது 1307. கொடுத்தவர் பட்டியலை அல்ல, செய்ய வேண்டியவற்றின் பட்டியலை! நம் பள்ளிகளில் முதலாவது வரவேற்பறையில் தொங்குகிறது. இரண்டாவது எங்கே?

அறக்கொடையைப் பதியும் அந்த எழுத்தில் தொகை கட்டாயம் இருக்க வேண்டும். மூலதனம் கரையாமலிருக்க ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்தால், ஒரு மாணவரின் ஓராண்டுக் கட்டணத்தைப்போல் 25 மடங்கு மூலதனமாக வேண்டும். 5 சதவீதம் எடுத்தால் 20 மடங்கு போதும்தான். ஆனால் கட்டணம் வருடா வருடம் ஏறும், வட்டி அப்படி ஏறாது. அவ்வளவு சேராத இடத்தில் "முழுக் கட்டணம்" என்று எழுதாமல் "இயன்ற அளவு" என்று எழுதுவதே நேர்மை. முதல் வருடம் எதையும் எடுக்காமல் விட்டு, பிறகு மூன்று வருட இருப்பின் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் ஏற்ற இறக்கம் அவ்வளவாக உறைக்காது. மாற்று நோக்கம் ஒன்றும் எழுதிவையுங்கள். தட்டச்சில் முதலிடம் பெறுபவருக்கு என்று வைத்த பரிசு, தட்டச்சு வகுப்பே நின்றுபோன பின் யாருக்கும் போகாமல் வங்கியில் தூங்கும்.

பூசைக் காணிக்கையை உதவித்தொகைப் பணத்தோடு கலக்கவே கூடாது. தனித்தனிக் கருத்துக்காக (யாருக்காக, எதற்காகப் பூசை என்பதே கருத்து) காணிக்கை வாங்கினால் தனித்தனிப் பூசை வைக்க வேண்டும் (948). நாற்பது பேரிடம் வாங்கி ஒரே பூசையில் முடித்துவிட முடியாது. 2025 ஏப்ரல் 20 முதல் நடப்பிலுள்ள வத்திக்கான் ஆணையின்படியும், மறைமாநில (பல மறைமாவட்டங்கள் சேர்ந்தது) ஆயர்கள் அனுமதித்த இடங்களில், கொடுத்தவரிடம் முன்பே சொல்லி அவர் வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் பலர் கருத்தையும் ஒரே பூசையில் சேர்க்கும் கூட்டுக் கருத்து செல்லும். அப்போதும் குருவானவர் ஒரு காணிக்கையைத்தான் தமக்கென வைத்துக்கொள்ளலாம். நிதியின் வருமானம் சுருங்கிவிட்டதென்று பூசைகளின் எண்ணிக்கையை முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் தாமாகக் குறைக்கவும் முடியாது. அதற்கு ஆயரிடம் போக வேண்டும்.

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலை நன்கொடைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தயாரிக்கிறார்கள். இது பெரிய தவறு. காசு கொடுக்காத குடும்பத்தின் பிள்ளை அங்கே விட்டுப்போகிறான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். பதிவேட்டில் உள்ள பெயர், எந்த செட், இறந்த தேதி, தகவல் சொன்னவர், உறுதிசெய்த இரண்டாவது ஆள் என ஐந்து பத்தி போதும். ஒரே செட்டில் இரண்டு அந்தோணி, மூன்று சேவியர் இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை நம்பி, உயிரோடிருப்பவர் பெயரை மன்றாட்டில் வாசித்துவிடுவது அந்த ஐந்தாவது பத்தி காலியாக இருப்பதால்தான். அக்டோபர் 15-உடன் பட்டியலை மூடிவிட்டால் சரிபார்க்க இரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்கும். ஒரு பெயருக்கு 4 நொடி என்றால் 120 பெயருக்கு 8 நிமிடம் ஆகும். அதற்கு மேல் போனால் அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயரை மட்டும் வாசித்து, முழு ஏட்டைப் பீடத்தருகே வைக்கலாம்.

பலகைக்கு ஆர்டர் கொடுக்குமுன், பெயரைத் தாளில் எழுதிக் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பித்தளையில் வெட்டிய 'ன'வை 'ண' ஆக்க முடியாது. பலகையையே மாற்ற வேண்டிவரும்.

இப்படிக்கு,
பள்ளி அறக்கொடைக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஒரு வாசகர்