எண்ணெய்ப் போத்தல் வந்து சேர்ந்தது

ஸ்டுட்கார்ட், ஜேர்மனி
நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் அனுப்பின பார்சல் வியாழக்கிழமை வந்தது. மிளகாய்த்தூள் கொஞ்சம் கசிந்திருந்தது, புழுக்கொடியல் பழுதில்லை. தேங்காயெண்ணெய்ப் போத்தலை மட்டும் இன்னும் திறக்கவில்லை. கோபிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

விண்வெளிக்குப் போகிற லேசர்களின் கண்ணாடிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. சோதனைக்கூடத்துக்குள்ளே போக முன்னம் தொப்பி, முகமூடி, கையுறை, முழு உடுப்பு. சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் ஒன்றும் கூடாது. மேலே காற்றில்லாதபடியால் பசை, பிளாஸ்டிக் எல்லாவற்றிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஆவி மெல்லக் கிளம்பும். புற ஊதா லேசர் படுகிற இடத்தில் அது கருகிப் பிடித்துவிடும், எங்கள் குசினிச் சுவரில் புகை பிடிக்கிற மாதிரி. பிறகு அந்தக் கறையே சூட்டை இழுத்துக் கண்ணாடியைப் பொசுக்கும்.

காற்றை அளக்க ஐரோப்பாக்காரர் செய்த ஏயோலஸ் செய்மதி 2007இல் போயிருக்க வேண்டியது. லேசர்ச் சிக்கல்களால் இழுபட்டு 2018 ஆகஸ்டில்தான் ஏவினார்கள். கறைக்குக் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? லேசர்ப் பெட்டிக்குள் துளி ஒட்சிசன். கறையை அது படியவிடாமல் எரித்துவிடும். இவ்வளவுதான், ஆனால் அதற்கு எத்தனை வருசம்!

ஐயாவிடம் சொல்லுங்கள்: 320 கிலோமீற்றர் உயரத்திலிருந்து நொடிக்கு 50 தடவை ஒளியை அடித்து, காற்றில் பட்டுத் திரும்புகிற ஒளியின் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து அந்தச் செய்மதி காற்றின் வேகத்தைச் சொன்னது. வேப்பங்கிளையைப் பார்த்தே சோளகக் காற்று பிறந்துவிட்டது என்கிற மனிசனுக்கு இது பெரிய வித்தையாகத் தெரியாது. அதை 2023 ஜூலையில் இறக்கிவிட்டார்கள். அடுத்ததற்கு வேலை நடக்கிறது.

போன கிழமை ஒரு கண்ணாடியில் விரல்நுனியளவு மங்கல். ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு நெஞ்சு அடித்தது, பார்சல் பிரித்த கையல்லவா! இரண்டு நாள் தேடினபிறகு, புதிதாகப் போட்ட ஒரு வயரின் உறையிலிருந்து வந்தது என்று பிடித்தார்கள். அன்றிரவுதான் நல்லாய் நித்திரை கொண்டேன்.

டிசம்பரில் இரண்டு கிழமை லீவு. முதல் நாளே தலை நிறைய வைத்து முழுகுவேன். இங்கே குளிருக்குப் போத்தல் முழுக்க வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கிறது, சுடுதண்ணிக்குள் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தாச்சா? வயலுக்குள் தண்ணி ஏறினால் உடனே எழுதுங்கள்.

உங்கள் மகன்