அப்பாவின் மூச்சுக்குழாயில் கிடந்த பாக்கு: நன்றி மடல்

அன்புடையீர்,

முக்கூடலில் எங்கள் அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. அதற்குக் காரணமானவர்கள் பலர். வீடு வீடாகப் போய்ச் சொல்ல இயலாததால் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதாரச் செவிலியருக்கு. அப்பா பீடி பிடிப்பவர். வலப்பக்க நுரையீரலில் மட்டும் திரும்பத் திரும்பச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. புற்றுநோய் என்று தெருவே முடிவுகட்டியது. சளியில் கிருமி இல்லாதபோதும் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்றார் ஒரு மருத்துவர். "காரணம் தெரியாமல் ஒரு மாத்திரையும் வேண்டாம்" என்று பிடிவாதமாக எங்களைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியவர் அந்தச் செவிலியர்தான்.

அங்கே சி.டி. ஸ்கேனில் வலது கீழ் மூச்சுக்குழாய் அடைபட்டிருப்பது தெரிந்தது. பிராங்கோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்றதும் அத்தை அழத் தொடங்கினார்: நெஞ்சுக்குள் குழாய் விட்டால் ஆள் மீளுமா? நெஞ்சக நோய் மருத்துவரம்மா அந்தக் குழாயையே எடுத்துக் காட்டினார். பென்சிலைவிட மெல்லியது, வளையக்கூடியது, நுனியில் கேமராவும் விளக்கும். அதைச் சுற்றிக் காற்றுப் போக இடமிருக்கும், மூச்சு நிற்காது என்றார். பிறகு அப்பாவிடம் ஒரே கேள்வி: "எப்போதாவது கடுமையாகப் புரையேறியதா?" கல்யாண வீட்டில் வெற்றிலை மென்றுகொண்டே வம்பளந்தது அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது.

தொண்டையை மரக்கச் செய்து, லேசான மயக்கத்தில் குழாயை உள்ளே விட்டார்கள். சதை வளர்ந்து மூடியிருந்த பாக்குத் துண்டை இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தார்கள். பாக்கு எக்ஸ்ரேயில் தெரியாதாம். வலது குழாய் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் புரையேறுவது பெரும்பாலும் அந்தப் பக்கமே போகுமாம். 1897இல் ஜெர்மனியில் கில்லியன் என்ற மருத்துவர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்பை எடுத்ததில் தொடங்கிய வைத்தியம் இது என்று கேட்டதும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை! அப்பாவின் மூச்சுக்குழாயிலிருந்து கிள்ளிய சதையிலும் கழுவி எடுத்த நீரிலும் புற்றுநோயோ காசநோயோ இல்லை என்று முடிவு வந்தது.

வார்டு செவிலியருக்குத் தனி நன்றி. மரப்பு தெளியும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதுவும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று அப்பாவின் கோபத்தையும் தாங்கிக்கொண்டார். சளியில் கொஞ்சம் ரத்தக் கீற்று வரலாம், அதிகமானால் உடனே வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் மறுநாள் நாங்கள் பதறவில்லை.

செலவுக்குப் பீடிக் கூலியிலிருந்து பணம் திரட்டித் தந்த தெருப் பெண்களுக்கும், வேனுக்கு வாடகை வாங்க மறுத்த அண்ணாச்சிக்கும் கடன்பட்டிருக்கிறோம். பீடியை விட்டதாக அப்பா சொல்கிறார், அம்மா நம்பவில்லை. வெற்றிலைச் செல்லம் இப்போது அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்பாசமுத்திரத்து அம்மாவுக்கு: நீங்கள் தந்த ஃப்ளாஸ்க் எங்களிடம் இருக்கிறது. வார்டில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
முக்கூடலிலிருந்து ஒரு மகள்