ஹூடு ஈரமாக இருந்தால் மடிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் கல்யாணத்துக்கு மதுரை போயிருக்கும் நேரத்தில் நீ வருகிறாய். நம் பழைய எம்.ஜி.பி. காரைக் கோத்தகிரி வரை ஓட்டிப் போகலாமா என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாய். தாராளமாக எடுத்துப் போ. கொண்டை ஊசி வளைவில் நீ திருப்பும் நிதானம் எனக்குத் தெரியும். என் கவலையெல்லாம் அதன் ஹூடை, அந்த மடக்குக் கூரையைப் பற்றித்தான்.

ஜனவரியில் குன்னூர் காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிரில் ரெக்சின் விறைத்துப்போயிருக்கும். பின்பக்கம் கண்ணாடி மாதிரி இருப்பதும் பிளாஸ்டிக்தான். அப்படியே மடித்தால் மடிப்பு விழுந்த இடத்திலேயே கீறிவிடும். வண்டியை வாசலில் வெயில் படும்படி நிறுத்து. அரை மணி நேரம் போகட்டும். பிளாஸ்டிக்கை விரலால் லேசாக அழுத்திப் பார், வளைந்து கொடுத்தால் சரி. முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் இரண்டு கொக்கிகளையும் விடுவித்து, ஓரத்து டிக் பட்டன்களை ஒவ்வொன்றாக அடியில் பிடித்துக் கழற்று. துணியைப் பிடித்து இழுத்தால் பட்டனோடு ரெக்சினும் கிழிந்து வரும். மடிக்கும்போது பிளாஸ்டிக்கின் மேல் பழைய துண்டை விரித்துக்கொள், ஒன்றோடொன்று உரசாது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் நனைந்த ஹூடை அவசரத்தில் அப்படியே மடித்துவிட்டு உன்னைப் பார்க்கச் சென்னைக்கு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. மடிப்பில் பிளாஸ்டிக் மஞ்சளித்து, ஓரத்தில் தையலும் விட்டிருந்தது. மேட்டுப்பாளையத்தில் குஷன் தைப்பவர் பிளாஸ்டிக்கை மாற்றித் தைத்துக் கொடுத்தார். ஆனால் அந்தக் கறை இன்றும் போகவில்லை. உள்ளே தலை சாய்த்துப் பார்த்தால் டிரைவர் சீட்டுக்கு மேலே தெரியும். அந்த வண்டியை அத்தனை வருடம் பார்த்துக்கொண்டவன் நான், என் கையாலேயே அது நடந்தது. இப்போதும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

கோத்தகிரி போகும் வழியில் கட்டபெட்டு பக்கம் மேகம் திடீரென்று இறங்கும். மழைதான் வர வேண்டும் என்றில்லை, அந்த மேகமே ஹூடை நனைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஏற்றியே வைத்து, ஷெட் கதவைத் திறந்துவிட்டு, உள்ளும் வெளியும் காயவிடு. ஏற்றி வைத்தால் துணி சுருங்காமலும் இருக்கும், எலியும் மடிப்பில் கூடு கட்டாது. மண் படிந்திருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவு, காய்ந்த தூசியோடு துடைத்தால் பிளாஸ்டிக் முழுக்கக் கோடு விழும். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவில் ஒரு மூடி போதும். ஜன்னல் துடைக்கும் அந்த நீல மருந்தைத் தொடவே தொடாதே, பிளாஸ்டிக் மங்கிப்போகும்.

ஹூடைத் தாங்கும் கம்பி மூட்டுகளுக்கு நேற்றே தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டுத் துடைத்துவிட்டேன். துண்டு டிக்கியில் இருக்கிறது. சாவி சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில். வெளியே கிளம்புகையில் அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், ஹூடை இறக்கினால் காற்று நேராகக் காதில் அடிக்கும்.

அன்புடன்,
அப்பா