பீரோவுக்குள் கணக்குப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். செயல்வழிக் கற்றல் அட்டைகளையும் பார்த்தேன், 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் பார்த்தேன். எல்லாக் காலத்திலும் பள்ளிக்குக் கணித உபகரணங்கள் வந்தபடிதான் இருந்தன. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அவை பீரோவிலேயே இருந்தன; மணிச்சட்டத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கேட்டால், "உடைஞ்சா தணிக்கையில யாரு பதில் சொல்றது, டீச்சர்?" என்பார் தலைமையாசிரியர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு அவர்தான் பொறுப்பு.

வேறு வழியில்லாமல் தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், கணக்கு என்றாலே சிலேட்டை மடியில் மறைத்துக்கொள்வாள். 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தாள். இரண்டில் ஏழு போகாதென்று ஏழில் இரண்டைக் கழித்துவிட்டாள்; பாதி வகுப்பு செய்கிற தப்புதான். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, "27 எடு" என்றேன். இரண்டு கட்டை எடுத்தாள், இரண்டு உதிரியையும் எடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும். ரப்பர் பேண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை அவுக்கலாமா டீச்சர்?" என்றாள். அவிழ்த்து எண்ணி முடித்ததும் 35-ஐ அவளே அழித்து 25 என்று எழுதினாள். நான் வாய் திறக்கவில்லை. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, திருப்பித் தராத அந்தக் கடன் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. அடுத்த வாரம் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள்.

ஆசிரியர் மேசையில் வைத்துக் காட்டிவிட்டு எடுத்து வைப்பதில் இது நடக்காது. பிள்ளைதான் தன் கையால் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் நாலு குச்சி ஒடியும், மணி உருண்டு காணாமல் போகும். எனவே பள்ளிக் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்த உபகரணங்களைச் சாக்பீஸ் போலத் தீர்ந்துபோகும் பொருளாகக் கணக்கில் எழுதலாம் என்று தெளிவாக ஓர் ஆணை போடுங்கள்.

ஓய்வுபெற்ற அன்று என் ஈர்க்குச்சிக் கட்டுகளை அந்த வகுப்பிலேயே விட்டு வந்தேன். அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மணப்பாறை.