ஜனவரியில் அளக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தின் முன்பள்ளிகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். முன்பள்ளிக்குப் போன பிள்ளைகள் தரம் 1இல் சேரும்போதே எழுத்துகளை எழுதிவிடுகிறார்கள், ஆகவே முன்பள்ளியால் பயன் உண்டு என்று அதில் இருந்தது. பயன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தரம் 1 தொடங்கும் ஜனவரி மாதத்திலேயே அதை அளந்து பார்த்தால் தப்பான கணக்குத்தான் வரும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் 22 வருஷம் தரம் 1 வகுப்பையே நடத்தியவள் நான். ஒரு வருஷம் இரண்டு பிள்ளைகள் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் பிள்ளை ‘அ’ முதல் ‘ஔ’ வரை கோடு தவறாமல் எழுதினாள். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று வாய் திறந்து கேட்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. பையனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, பென்சிலைக் கைமூடிப் பிடித்தான். ஒரு கை தேயிலைக் கொட்டையைக் கொடுத்து நாலு பேருக்கும் பங்கு வை என்றேன். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனவன், “ரெண்டு மிஞ்சுது டீச்சர், இது யாருக்கு?” என்று கேட்டான்.

அவன் வளர்ந்தது பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டக் காப்பகத்தில். அங்கிருந்த ஆயா எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். தாய்மார் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்வரை பிள்ளைகளோடு ஓயாமல் பேசுவார். சோறு ஊட்டும்போதும் எத்தனை வாய் என்று எண்ண வைப்பார். அந்த வருஷம் ஜனவரியில் யாராவது சோதனை வைத்திருந்தால் அவருடைய வேலைக்குப் பூச்சியம்தான் போட்டிருப்பார்கள்.

சரி, இந்த இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வை இதற்காகவே சொல்கிறேன். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேர். யாருக்கு முன்பள்ளி, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் மாதிரித்தான் பிரித்தார்கள். முன்பள்ளி ஆசிரியைகள் வாரந்தோறும் வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசினார்கள். முதலில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி (IQ) ஏறியது. எட்டு வயதுக்குள் அந்த வித்தியாசம் மறைந்தே போனது. ஆய்வை அத்தோடு மூடியிருந்தால், போட்ட பணமெல்லாம் வீண் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் மூடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு 40 வயதாகும்வரையும், அதற்கு அப்புறமும் பின்தொடர்ந்தார்கள். முன்பள்ளிக்குப் போனவர்களில் 77 வீதமானோர் உயர்பள்ளிக் கல்வியை முடித்திருந்தார்கள், போகாதவர்களில் 60 வீதம்.

அதே அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே அரசின் முன்பள்ளிகளுக்குப் போன பிள்ளைகள் ஆரம்பத்தில் முன்னே நின்றார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, போகாத பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவு இது. ஆகவே முன்பள்ளி என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது ஜமெய்க்கா ஆய்வு. கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய, அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணிநேரம் போய், வீட்டில் கிடக்கும் சாமான்களில் செய்த விளையாட்டுப் பொருள்களை வைத்து எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இரண்டே வருஷம்தான். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 வீதம் கூட. 2016இல் எடுத்த தேசிய அளவீட்டின்படி நம் தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 17.3 வீதம். இதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, என் முன்வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளின் முகம்தான் வந்து நின்றது.

இப்படியொரு ஆய்வை நம் மலையகத்தில் ஏன் செய்யக்கூடாது? பிள்ளைக்காம்பராவின் பதிவேடு தோட்டத்தில் இருக்கிறது. முன்பள்ளி மாகாண சபையின் பொறுப்பு. நிறையும் உயரமும் கிளினிக் புத்தகத்தில். தரம் 1 இடாப்பு பாடசாலையில். ஒரே பிள்ளையின் கதை நாலு அலுமாரிக்குள் பிரிந்து கிடக்கிறது, அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் கைகோர்த்தால், இந்த வருஷம் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சை (O/L) வரைக்கும் தொடரலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையோடு நிறுத்திவிடக்கூடாது. இடையில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளையும் தேடிக் கணக்கில் எடுக்க வேண்டும், அவர்களை விட்டுவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும்.

தரம் 1இல் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் முதல் மாதத்தில் நான் எழுதிவைத்த கொப்பிகள் 22 வருஷத்துக்கும் என்னிடம் இருக்கின்றன. யார் பேசினார்கள், யார் பேசவில்லை, எங்கே வளர்ந்தார்கள் என்றெல்லாம் குறித்திருக்கிறேன். சிலவற்றைக் கறையான் அரித்திருந்தாலும் வாசிக்கலாம். ஆய்வுக்கென்று முறையாக யார் கேட்டு வந்தாலும் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை.