சிறார் போராளிகளின் வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஆப்பிரிக்கப் போர்களில் துப்பாக்கி ஏந்த வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நம் மாணவர்கள் ஆராய முன்வருவது எனக்குப் பெரும் நிறைவைத் தருகிறது. பிள்ளையைப் படைக்குப் பறிகொடுத்த வீட்டின் துயரம் ஈழத்தின் வழியே நமக்கும் தெரியும். ஆனால் ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒரே வழிதான் தென்படுகிறது: உகாண்டாவின் குலுவுக்கோ சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கோ போய், முன்னாள் சிறார் போராளிகள் சிலரைத் தேடிப் பிடித்து, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பது. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்று வேண்டவே எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியை அவர்களிடம் ஏற்கெனவே பலமுறை கேட்டாயிற்று. ராணுவம், மறுவாழ்வு மையம், தொண்டு நிறுவனம், செய்தியாளர், வழக்கறிஞர் என்று வரிசையாக வந்து கேட்டவர்கள் பலர். அன்றைய பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். சிலர் தம் கடந்த காலத்தைப் பக்கத்து வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் வாழ்கிறார்கள்.

வாய்மொழியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லுபாங்கா வழக்கைப் படியுங்கள். காங்கோவின் இத்தூரிப் பகுதியில் 15 வயது நிரம்பாதவர்களைப் படையில் சேர்த்ததாகத் ஆயுதக் குழுத் தலைவர் தோமா லுபாங்கா மீது குற்றச்சாட்டு. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் விசாரணையே அதுதான். 2009 ஜனவரி 28 அன்று முதல் சாட்சியாக வந்த இளைஞர், பள்ளியிலிருந்து திரும்பும்போது தன்னைப் பிடித்துப்போனார்கள் என்றார். அன்றே, அது உண்மையில்லை, சொல்லிக்கொடுத்துச் சொன்னது என்று மாற்றினார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்து, படையில் இருந்தது மெய்தான் என்றார். 2012 மார்ச் 14 தீர்ப்பில், முன்னாள் சிறார் போராளிகளாக வந்த சாட்சிகளில் பெரும்பாலோரின் வாக்குமூலத்தை நீதிபதிகள் ஒதுக்கிவிட்டார்கள். சாட்சிகளை அழைத்துவந்த இடையாட்களே பொய்சொல்லத் தூண்டியிருக்கக்கூடும் என்று கருதினார்கள். ஆனாலும் லுபாங்கா குற்றவாளி என்றே தீர்ப்பானது. அதற்குத் துணைநின்றவற்றில் ஒன்று 2003 பிப்ரவரி 24 அன்று ருவம்பாரா பயிற்சி முகாமில் எடுத்த காணொளி. அதில் லுபாங்கா பேசுகிறார். எதிரே நிற்பவர்களில் சிலர் 15 வயதை எட்டாதவர்கள் என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

பதிவுகளைப் படிக்கும்போது அவற்றில் இல்லாதவர்களையும் தேடுங்கள். லுபாங்கா மீதான குற்றப்பட்டியலில் பாலியல் வன்முறை இல்லை. சிறுமிகளுக்கு நேர்ந்ததைச் சாட்சிகள் சொன்ன பிறகும் அது சேர்க்கப்படவில்லை. நீதிபதி எலிசபெத் ஓடியோ பெனிடோ மட்டும் அதற்கு மாறுபட்டுத் தனித் தீர்ப்பெழுதினார். என்னைக் கேட்டால், முழுத் தீர்ப்புக்கும் முன்னால் அதைத்தான் படிக்க வேண்டும்.

சியரா லியோனிலும் இதே கதைதான். 1991 முதல் 2002 வரை நடந்த போர் முடிந்து போராளிகளிடம் ஆயுதம் களையும் திட்டம் நடந்தபோது, போராளி என்பதற்குச் சான்றாகத் துப்பாக்கியைக் கொண்டுவா, கழற்றி மாட்டிக் காட்டு என்று பல இடங்களில் கேட்டார்கள். சோறு பொங்கியவள், சுமை தூக்கியவள், தளபதிக்கு 'மனைவி' ஆக்கப்பட்டவள் எதைக் கொண்டுவந்து காட்டுவாள்? சில தளபதிகள் பிள்ளைகளிடமிருந்த துப்பாக்கியைப் பிடுங்கித் தமக்கு வேண்டியவர்களிடம் கொடுத்தார்கள். அத்திட்டத்தில் சேர்ந்த சிறாரில் சிறுமிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்தாளும் ஆய்வேடு, அவர்களை இன்னொரு முறை வெளியே நிறுத்துகிறது.

டொமினிக் ஓங்வென் வழக்கும் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில் உகாண்டாவின் எல்.ஆர்.ஏ. கிளர்ச்சிப் படை கடத்திய சிறுவன், வளர்ந்து அதன் தளபதியாகி, மற்றப் பிள்ளைகளைப் படையில் சேர்த்த குற்றம் உட்பட 61 குற்றங்களுக்காக 2021இல் தண்டிக்கப்பட்டார். கடத்தப்பட்ட குழந்தைப்பருவத்தைக் கருதியே தண்டனை 25 ஆண்டுகளோடு நின்றது. அவரைப் பாதிக்கப்பட்டவர் என்றோ கொடியவர் என்றோ ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள்.

நெறியாளர்களே, களப்பணிக்கு ஒப்புதல் கேட்டு வரும் மாணவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: விசாரணைப் பதிவுகளில் எவற்றைப் படித்தாய்? சியரா லியோன் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2004இல் சிறுவர்களுக்கென்றே வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தாயா? நீ கேட்கப்போகும் கேள்விக்கு அங்கே விடை இல்லை என்று உறுதியாகத் தெரியுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தந்த பிறகே பயணத்துக்குக் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகர்